எக்ஸ்ரே பிளம்பரும் அக்காவின் சுவரும்

அந்தப் பிளம்பருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அவர் குடியிருந்த தெருவிலேயே உதட்டைப் பிதுக்குவார்கள். 'எக்ஸ்ரே வீடு எது?' என்று கேட்டால் போதும், தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்து கை காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான்.

பட்டம் சும்மா வரவில்லை. சுவருக்குள் குழாய் பதித்தால், அதைப் பூசி மூடுவதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளாமல் விடமாட்டார் மனுஷன். மேஸ்திரி கலவையைக் குழைத்துக் கரண்டியோடு நின்றாலும் சரி, "ஒரு நிமிஷம் இருண்ணே, இன்னும் போட்டோ எடுக்கல" என்று குறுக்கே நிற்பார். ஜன்னல் ஓரத்திலிருந்து அளவு டேப்பை இழுத்துத் தொங்கவிடுவார். அப்புறம் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, குழாய் முழங்கை மாதிரி மடங்கித் திரும்புகிற இடத்தில் விரலை வைக்கச் சொல்வார். அந்த இணைப்புக்கு எல்போ என்று பெயர். தண்ணீர் ஒழுகினால் பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும்.

"ஆள் எதுக்குங்க? குழாயை மட்டும் எடுத்தா ஆகாதா?" என்று யாராவது கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். "ஆள் இல்லாத சுவரெல்லாம் ஒரே சுவர்தான் சார். நீங்க நின்னாத்தான் அது உங்க சுவர்."

இப்படி வக்கீலும் பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் புதுமணத் தம்பதிகளும் சுவரில் விரல் வைத்துச் சத்தியம் செய்வதுபோல அவருடைய போனுக்குள் வரிசையாக நின்றார்கள். அத்தனை சுவர் உள்ளே இருந்ததால் போனை வைத்தால் மேசை ஒரு பக்கம் சாயும் என்று ஊரில் ஒரு பேச்சு. சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே அவருடைய மைத்துனர்கள், ஆகையால் பாதியைத் தள்ளிவிடலாம்.

மீதிப் பாதி உண்மை. எந்த வீட்டில் எது ஒழுகினாலும் போனைத் திறப்பார், படத்தைப் பார்ப்பார், அளந்து ஒரே ஒரு டைல்ஸை எடுப்பார், சரிசெய்து மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். மற்ற பிளம்பர்கள் சுவரைத் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டு, கடைசியில் அறையையே போர்க்களம் ஆக்கிவிட்டுத் தலையைச் சொறிவார்கள்.

அந்தக் கெட்டிக்காரருக்குச் சொந்த அக்கா வீட்டிலிருந்தே ஒருநாள் போன் வந்தது.

"டேய் தம்பி, கீழ் வீட்டு டீச்சர் சாப்பாட்டு மேசை மேல பக்கெட் வெச்சிருக்காங்கடா."

"எதுக்குக்கா?"

"ம்ம், மீன் பிடிக்க. மேலேருந்து சொட்டுதுடா! நம்ம பாத்ரூம் தண்ணிதான். டீச்சர் பாவம், ஒரு வார்த்தை திட்டல. அதான் எனக்கு இன்னும் அவமானமா இருக்கு."

"வால்வை மூடிட்டு நிம்மதியா இரு. காலையில வரேன். உன் சுவர் என் பாக்கெட்லதான் இருக்கு."

பாக்கெட்டில் இருக்கிறது என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை உற்றுப் பார்த்துக்கொண்டார். காரணம் இருந்தது.

அக்கா வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்தபோது, குழாய் சுவருக்கு வெளியே ஓடினால் போதும் என்றுதான் அக்கா சொன்னாள். இவர்தான் ஒற்றைக் காலில் நின்றார். "வெளிய தெரிஞ்சா வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்க்கா."

"உள்ள ஒழுகினா என்னடா பண்ணுவ?"

"அதுக்குத்தான் எக்ஸ்ரே நான் இருக்கேன்ல?"

அக்காவும் நம்பிவிட்டாள். கடை கடையாக ஏறி இறங்கி, விற்கிறவன் கண்ணீர் விடும் அளவுக்குப் பேரம் பேசி, மழைக்கு முந்தைய வானத்தின் நிறத்தில் ஒரு டைல்ஸ் வாங்கி ஒட்டினாள். ஒட்டி முடித்த கையோடு, அந்த நிறத்தைச் செய்வதையே கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான். கட்டிலுக்கடியில் பழைய போர்வையில் சுற்றி இரண்டே இரண்டு டைல்ஸ் மிச்சம். ஆக, எல்போ இருக்கிற இடத்தைக் குறி தவறாமல் திறந்தால் சுவர் பிழைக்கும். தவறினால் அக்காவின் வானத்தில் ஒட்டுப் போட வேண்டும். தம்பியை நம்பிச் சுவருக்குள் குழாயை விட்ட பெண்ணுக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

இதற்கெல்லாம் படம் வேண்டும். படம் புதுப் போனில் இருந்தது. புதுப் போனில்தான் சிக்கல்.

பழைய போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து மூச்சு வாங்க ஆரம்பித்ததும், அவர் அதைக் கடையில் கொடுத்துப் புதிது வாங்கியிருந்தார். கடைக்காரர் படங்களை எல்லாம் மாற்றிக் கொடுத்தார். மாற்றியதில் எல்லாப் படத்துக்கும் மாற்றிய அன்றைய தேதியே விழுந்துவிட்டது. அந்தப் போனின் கணக்குப்படி பிளம்பர் ஒரே நாளில் பள்ளிக்கூடம் முடித்து, கல்யாணம் செய்துகொண்டு, மகளைப் பெற்று, அவளைக் கல்லூரி விடுதியில் சேர்த்து, நடுநடுவே ஊரிலுள்ள குளியலறை முழுவதையும் கட்டி முடித்திருந்தார். எந்த அசுரனும் அப்படி ஒருநாள் உழைத்ததில்லை.

அது போதாதென்று, படங்களை அடுக்கி வைக்க அந்தப் போனுக்குள் ஒரு செயலி குடியிருந்தது. கல்யாண வீட்டில் அழையாமல் வந்து பந்தியை மேற்பார்வை பார்க்கிற தூரத்து உறவினர் மாதிரி அதற்கு எதிலும் தலையிட வேண்டும். 'ஒரே மாதிரியான படங்கள் நிறைய உள்ளன. சிறந்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?' என்று ஒருநாள் கேட்டது. தேநீர்க் கடையில் கண்ணாடி டம்ளரும் கையுமாக நின்றிருந்தவர் 'சரி' என்று அமுக்கினார். 'அழகாக்கலாமா?' என்றும் கேட்டது. அழகு யாருக்குக் கசக்கும்? அதற்கும் 'சரி'.

அக்கா போன் செய்த அன்று சாயங்காலம், மருந்துக் கடை வேலை முடிந்து வந்த மனைவி துணி மடித்துக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் சுவரைத் தேடத் தொடங்கினார்.

முதலில் 'குழாய்' என்று எழுதித் தேடினார். செயலி யோசித்துவிட்டு, மிருகக்காட்சிசாலையில் எடுத்த யானைத் தும்பிக்கையைக் கொடுத்தது. அடுத்து அக்கா வீட்டு மாமாவின் கழுத்து டை. அதற்கடுத்து மனைவியின் பின்னல்.

"என் சடை உங்களுக்குக் குழாயா?"

"நான் சொல்லலம்மா. அது சொல்லுது."

'சுவர்' என்று தேடினார். எல்லாப் படமும் வந்தது. மனிதர்கள் எதன் முன்னால் நின்று படம் எடுத்தாலும் பின்னால் ஒரு சுவர் இருந்து தொலைக்கிறதே!

"முகத்தை வெச்சுத் தேடுங்க. அண்ணி முகத்தை அமுக்கினா அண்ணி படமெல்லாம் வரும்" என்றாள் மனைவி.

முகங்கள் வட்டம் வட்டமாக வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, முதலிடத்தில், 'பெயரிடப்படாத நபர். உங்கள் படங்களில் மிக அதிகமாகத் தோன்றுகிறார்' என்று ஒரு வட்டம்.

மனைவி மடித்த துணியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "யாருங்க இவ? என்னைவிட அதிகமா இருக்கா?"

திறந்து பார்த்தார்கள். வாஷ்பேசின். இரண்டு குழாய்த் திருகும் இரண்டு கண், தண்ணீர் போகிற ஓட்டை வாய். வெவ்வேறு வீட்டு வாஷ்பேசின்களை எல்லாம் ஒரே பெண்மணி என்று தீர்மானித்து, அவளுக்கு ஒரு பெயர் வைக்கும்படி செயலி மன்றாடிக்கொண்டிருந்தது.

"நல்ல வெள்ளை நிறம்" என்றாள் மனைவி. "உங்களுக்கேத்த ஜோடி."

அக்காவின் வட்டத்தை அமுக்கப் போனார். அதற்குள் ஒரு கேள்வி வந்து மறித்தது. அக்கா முகமும் மனைவி முகமும் அக்கம்பக்கம். 'இவர்கள் இருவரும் ஒரே நபரா?'

மனைவி திரையை விட்டுக் கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"ஆமான்னு அமுக்கிப் பாருங்களேன்" என்றாள் மனைவி, மெதுவாக, மிக மெதுவாக.

இருபது வருஷம் குடித்தனம் நடத்திய அனுபவம் பிளம்பரின் விரலைக் காப்பாற்றியது. 'இல்லை' என்பதை அழுத்தமாக அமுக்கினார். கண்ணாடி உடையாமல் போனது புண்ணியம்.

அப்புறம்தான் வந்தது அக்காவின் சுவர். நான்கு படம் எடுத்ததாக அவருக்கு நன்றாக ஞாபகம். ஒன்றுதான் இருந்தது. அதில் அக்கா இடது கையால் ஜன்னல் சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டி, இடுப்பு மடிய, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அற்புதமான படம். சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் சுவரில் குழாய் இல்லை.

பிளம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். எல்போவும் இல்லை. அளவு டேப்பும் இல்லை. தயிர் உறைந்ததுபோல வழவழவென்று வெறும் சுவர். அதில் அக்கா எதையோ தொட்டு ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தாள். கீழே பொடி எழுத்தில்: 'கவனத்தைச் சிதறடிக்கும் பொருட்கள் நீக்கப்பட்டன.'

மற்ற படங்களைத் திறந்தார். அப்போதுதான் செயலியின் ரசனை புரிந்தது. கடுகடுவென்று நின்ற வீட்டுக்காரர்களை அது சீண்டவே இல்லை. அவர்கள் குழாயெல்லாம் பத்திரம். வாய் நிறையச் சிரித்தவர்களைத்தான் சிறந்த படம் என்று பொறுக்கியெடுத்து, ஓரங்களை வெட்டி, குழாயைத் துடைத்து அழகாக்கியிருந்தது. அழித்த மற்ற படங்கள் கிடந்த குப்பைத் தொட்டியும் எப்போதோ தானாகக் காலியாகியிருந்தது.

"கிளவுடுன்னு மேகத்துல ஒரு காப்பி இருக்கும்பாங்களே, அங்க பாத்தீங்களா?" என்றாள் மனைவி. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"மேகம் நிரம்பிடுச்சுன்னு மாசக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்கு. நிரம்பினா மழை பெய்யணும் இல்ல? பெய்யுது, டீச்சர் வீட்டு மேசை மேல."

அளவு டேப்பை எடுத்துத் திரையின் மேலேயே வைத்துப் பார்த்தார். கண்ணாடியில் நூலளவு நகர்ந்தால் சுவரில் முழங்கை அளவு நகரும் போலிருந்தது. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டார்.

காலையில் அக்கா வீட்டில் அவர் சுற்றி வளைக்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "அக்கா, படம் இருக்கு, ஆனா குழாய் இல்ல. அந்தச் சனியன் கேட்டுச்சு, நான் சரின்னு அமுக்கிட்டேன்."

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னை மட்டும் விட்டு வெச்சிருக்கே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றாள். போனைத் தம்பி கையில் திணித்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அக்கா திட்டினால் சமாளித்துவிடலாம். திட்டாவிட்டால்தான் கஷ்டம்.

மாமாதான் யோசனை சொன்னார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அன்று விடுமுறை. "மாப்ள, உத்தேசமா ஒரு இடத்துல உடைச்சுப் பாரேன்."

"உத்தேசமா உடைக்க நான் எதுக்கு மாமா? அடுத்த தெருவுல நாலு பேர் இருக்காங்க."

குளியலறை வாசலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார் பிளம்பர். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். குழாய் போய்விட்டது, டேப் போய்விட்டது, ஆனால் அக்கா போகவில்லையே! அவளுடைய இடது கை ஜன்னல் சட்டத்தில் இருக்கிறது. ஜன்னல் அதே இடத்தில்தான் இருக்கிறது. வலது கை விரலுக்கடியில் எல்போ இருந்தது, செயலி அழிப்பதற்கு முன்னால்.

"அக்கா, இங்க வா. அன்னைக்கு நின்ன மாதிரியே நில்லு."

"என்னை என்ன பொம்மைன்னு நெனச்சியா?"

"நீதான்க்கா இப்ப எனக்கு டேப்பு."

முனகிக்கொண்டே வந்தாள். செருப்போடு நின்றவளிடம் அதைக் கழற்றச் சொன்னார். அன்று தரை வெறும் சிமெண்ட். இப்போது டைல்ஸ் ஏறியிருப்பதால் அவள் கட்டைவிரல் கனத்துக்கு உயர்ந்துவிட்டாள், அதைக் கடைசியில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டார். அக்கா இடது கையால் சட்டத்தைப் பிடித்தாள், வலது கையை நீட்டினாள். விரல் பட்ட இடத்தில் பென்சிலால் குறித்தார்.

போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற மாமா தலையை ஆட்டினார். "சரியில்ல மாப்ள. படத்துல இவ தோள் எவ்வளவோ கீழ இருக்கு. இப்ப கம்பம் மாதிரி நிக்கறா."

"கோவத்துல நிக்கறேன். வேற எப்படி நிக்கணும்?" என்றாள் அக்கா.

அதுதான் சங்கதி. கோபம் அவளை ஒரு சாண் வளர்த்துவிட்டிருந்தது. படத்தில் சிரிப்பு அவளை மடித்துப் போட்டிருந்தது. "கொஞ்சம் குனிக்கா" என்றால் அளவாகக் குனிந்தாள். அது வயல் வேலைக்காரி குனிவது, சிரிக்கிறவள் மடிவது இல்லை. கை போகிற இடமே வேறு.

"அன்னைக்கு எதுக்குச் சிரிச்ச?"

"நீ என்னமோ சொன்ன. எனக்கென்ன ஞாபகம்?"

அவருக்கும் ஞாபகமில்லை. ஒரு பழைய பகடியைச் சொல்லிப் பார்த்தார். அக்கா முகம் பூட்டுப் போட்ட கடையாகவே இருந்தது. இன்னொன்று சொன்னார். மாமா மட்டும் சிரித்தார், அதுவும் மரியாதைக்கு. வீட்டில் தண்ணீர் இல்லை, கீழே டீச்சர் பக்கெட்டைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார், இதில் சிரிப்பு எங்கிருந்து வரும்?

அந்த நேரத்தில் மாமாவின் கட்டைவிரல் எங்கேயோ பட்டுத் தொலைத்தது. போனிலிருந்து உருக்கமாக வயலின் இசை கிளம்பியது. 'உங்கள் பொன்னான தருணங்கள்' என்று எழுத்து மின்னியது. யாரும் கேட்காமலேயே செயலி ஒரு படக்கோவை தயாரித்து வைத்திருந்தது.

முதலில், சாக்கடைக் குழியிலிருந்து எடுத்த முடிக்கற்றை. அது மெல்ல மெல்ல நெருங்கி வந்தது, பொன்னிறத்தில் ஒளிர்ந்தது. வயலின் விம்மியது. அடுத்து விரிசல் விட்ட கழிவறைப் பீங்கான். அதன் மேல் பூ உதிர, 'அன்பு என்றும் நிலைக்கும்' என்ற வாசகம். அதிலிருந்து பனிபோலக் கலைந்து, நாற்காலியில் வாயைத் திறந்து தூங்குகிற மாமாவின் முகம் வந்தது. திறந்த அந்த வாய் அப்படியே விரிந்து விரிந்து, பல் டாக்டர் வீட்டுச் செப்டிக் டேங்கின் வாயாக மாறியது.

"அட, நான் எப்படா உள்ள விழுந்தேன்?" என்றார் மாமா.

அக்காவிடமிருந்து முதலில் ஒரு விக்கல்தான் வந்தது. அடுத்து தோள் குலுங்கியது. அப்புறம் அவளால் முடியவில்லை. விழாமல் இருக்க ஜன்னல் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு மடிந்தது. வலது கை தானாகச் சுவரில் போய் ஊன்றியது.

"அசையாத! அப்படியே இரு! சிரிச்சுக்கிட்டே இரு, அக்கா!"

"டேய்... முடியலடா... அதை நிறுத்தச் சொல்லு..."

"நிறுத்தாதீங்க மாமா! படத்தைப் பாத்தாச்சா? தோள் சரியா இருக்கா?"

"எந்தப் படத்தை? அதைத்தான் இந்தச் சினிமா மறைச்சுடுச்சே! ஆனா தோள் இதேதான். எனக்குத் தெரியும். கல்யாணமான நாள்லேருந்து என்னைப் பாத்துச் சிரிக்கற தோள்தானே."

பென்சில் ஓடியது. கோபக் குறிக்கு ஒரு சாண் கீழே, கொஞ்சம் இடப்பக்கம். அதிலிருந்து தரைக் கனத்தைக் கழித்தார். குறி ஒரு டைல்ஸின் கீழ் மூலைக்குள் விழுந்தது.

உளியை வைக்கும்போது மாமா போனின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். வாய்வழியாகவும் மூக்குவழியாகவும் இன்னும் சிரிப்புக் கசிந்துகொண்டிருந்த அக்காகூட முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். டைல்ஸ் மூன்று துண்டாக வந்தது. பூச்சு ஈரமாக இருந்தது. அது நல்ல சகுனம், ஆனால் ஈரம் எங்கிருந்தும் ஊர்ந்து வரலாம். பிளம்பர் விரலை விட்டுச் சுரண்டினார். கலவை பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே, மூலையில், கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை கதவுக்குப் பின்னால் பாதி முகம் காட்டுவதுபோல எல்போ எட்டிப் பார்த்தது. பாதிதான். மறுபாதி பக்கத்து டைல்ஸுக்கு அடியில்.

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு இருக்கில்ல கட்டிலுக்கடியில? எடு" என்றாள் அக்கா. "பாதி எல்போவை வெச்சுக்கிட்டு நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்?"

இரண்டாவதையும் எடுத்தார். இணைப்பில் ஒரு பக்கம் பசை சரியாகப் பிடிக்காமல் விட்டிருந்தது, அவருடைய கை வேலைதான். அதை அறுத்தெடுத்து, புதியதை வைத்து, காயவிட்டு, வால்வைத் திறந்தார். மாமா படியிறங்கிப் போய், கீழ் வீட்டில் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு டீச்சரோடு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கீழேயிருந்து டீச்சரின் குரல் வந்தது, பாடம் சொல்லுகிற அதே நிதானத்தில்: "சொட்டலைம்மா. நான் மேசையைத் துடைச்சுக்கறேன்."

கட்டிலுக்கடியில் இனிமேல் ஒரு டைல்ஸும் கிடையாது. அக்கா அதைச் சொல்லிக் காட்டவில்லை. கலவையைக் குழைக்கிற தம்பியிடம் போனை நீட்டினாள். "மூடறதுக்கு முன்னாடி எடுக்கலையா? எக்ஸ்ரேன்னு பேரு மட்டும் வெச்சுக்கிட்டா போதுமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். டேப்போடு ஒன்று, அக்காவின் விரலோடு ஒன்று, எல்போவை மட்டும் ஒன்று. எடுத்து முடிக்கவில்லை, திரையில் எழுத்து எழுந்தது. 'ஒரே மாதிரியான படங்கள் உள்ளன. சிறந்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?' கீழே இரண்டு பொத்தான். ஒன்று 'சரி', மற்றது 'பிறகு'.

அக்கா எட்டிப் பார்த்தாள். "வேணாம்னு ஒண்ணு இல்லையாடா?"

"இல்லக்கா. பிறகுதான் இருக்கு."

"பிறகுன்னா, மறுபடி வந்து கேக்குமே?"

"கேக்கும். டீக்கடையில நிக்கும்போது கேக்கும், வண்டி ஓட்டும்போது கேக்கும்."

"நீ என்ன சொல்லுவ?"

பிளம்பர், துடைத்தும் ஈரக் கலவை ஒட்டியிருந்த விரலால் 'பிறகு' என்பதை அமுக்கினார். விரல் ஈரமாக இருந்ததால் போனுக்கு அது உறைக்கவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அமுக்கினார். அக்கா பக்கத்தில் நின்று, எழுத்து மறைகிறவரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.